'யூ கெட் இட்?' என்று கேட்டால் கையைப் பார்க்க வேண்டாம்

புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து இங்கே சிங்கப்பூரில் கட்டுமான வேலை பார்க்கும் ஒரு தம்பி, ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் நான் நடத்தும் சின்ன இங்கிலீஷ் வகுப்புக்கு வருகிறார். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் நடந்த ஒரு விஷயத்தை அவர்தான் சொன்னார். காலையில் வேலை தொடங்குமுன் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்துப் பாதுகாப்பு விதிகளைச் சொல்வார்கள். மேற்பார்வையாளர், பெல்ட்டை எங்கே மாட்ட வேண்டும், எந்தப் பக்கம் போகக் கூடாது என்று மளமளவென்று சொல்லிவிட்டு இவரைப் பார்த்து "யூ கெட் இட்?" என்று கேட்டிருக்கிறார். இவருக்குத் தெரிந்த 'கெட்' கிடைப்பது, வாங்குவது. எதையோ கொடுத்திருக்கிறார்கள், நமக்கு மட்டும் வரவில்லை போல என்று நினைத்து, இரண்டு கையையும் விரித்துக் காட்டி "நோ சார், நோ கெட்" என்றிருக்கிறார். இத்தனை நேரம் சொன்னது மண்டையில் ஏறவில்லையா என்று எல்லார் முன்னாலும் அவருக்குத் திட்டு விழுந்தது. "அண்ணே, அவர் சொன்னது எல்லாமே புரிஞ்சுதுண்ணே, அந்தக் கடைசிக் கேள்விதான் புரியல" என்று சொல்லும்போது அவர் முகம் வாடியிருந்தது.

அதற்கு அப்புறம் அவர் ஒரு காரியம் செய்திருந்தார். நோட்டை எடுத்து, அகராதியில் 'கெட்' என்ற சொல்லுக்குக் கீழே இருந்த பொருளையெல்லாம் ஒன்று விடாமல் எழுதி வைத்திருந்தார். கிடைத்தல், வாங்குதல், ஆகுதல், போய்ச் சேருதல், புரிந்துகொள்ளுதல், எடுத்து வருதல், நோய் வருதல் என்று 23 வரி. காலையில் லாரியில் போகும்போது மனப்பாடம் செய்கிறாராம். அந்த உழைப்பைப் பார்த்து எனக்கு மனசு கனத்துப் போனது, ஏனென்றால் இந்தச் சொல் அந்த வழியில் வராது. 23 பொருளையும் பாடம் பண்ணியவர் 24ஆவது இடத்தில் மாட்டிக்கொள்வார்.

நான் சொல்ல வருவது இதுதான். 'கெட்' என்ற வினைக்குள் இருப்பது ஒரே அசைவு. இதுவரை இல்லாத ஒன்று வந்து சேர்கிறது, அவ்வளவுதான். பொருள் கைக்கு வரலாம், ஆள் ஓர் இடத்துக்கு வரலாம், கோபமோ காய்ச்சலோ உடம்புக்கு வரலாம், ஒரு விஷயம் புத்திக்கு எட்டலாம். இந்த அசைவு தமிழனுக்குப் புதிதே இல்லை, நாம் நாள் முழுக்க அதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறோம், வேறு சொற்களில்.

தமிழில் எத்தனை வாக்கியம் 'எனக்கு' என்று தொடங்குகிறது என்று ஒரு நாள் கவனித்துப் பாருங்கள். எனக்கு வேலை கிடைத்தது. எனக்குக் காய்ச்சல் வந்தது. எனக்குக் கோபம் வந்தது. எனக்கு வயசாகிறது. எனக்குப் புரிந்தது. இதிலெல்லாம் நாம் எதையும் செய்யவில்லை, ஏதோ ஒன்று நம்மிடம் வந்து சேருகிறது, அதனால்தான் 'நான்' என்று சொல்லாமல் 'எனக்கு' என்கிறோம். ஆங்கிலத்தில் இந்த 'எனக்கு' கிடையாது. அங்கே வாக்கியத்தின் தலையில் பெரும்பாலும் 'ஐ' தான் உட்கார வேண்டும், அப்படி உட்கார்ந்துகொண்டே 'என்னிடம் வந்தது' என்று சொல்ல ஒரு வினை தேவைப்படுகிறது. அந்த வேலையைத்தான் கெட் செய்கிறது. ஐ காட் எ ஜாப். ஐ காட் எ ஃபீவர். ஐ காட் ஆங்ரி. ஐ ஆம் கெட்டிங் ஓல்ட். ஐ காட் இட். மேலே இருக்கிற ஐந்து தமிழ் வாக்கியத்தையும் இந்த ஐந்தோடு பொருத்திப் பாருங்கள், அதே வரிசைதான். 'எனக்கு… வந்தது' என்று மனசில் ஓடினால் 'ஐ காட்' என்று வாயில் வரலாம் என்பது நான் வகுப்பில் முதலில் சொல்லித்தருவது.

ஒரே ஒரு எச்சரிக்கை. 'எனக்கு' வருகிற இடமெல்லாம் கெட் வராது. எனக்குத் தெரியும், எனக்குப் பிடிக்கும் என்பவை ஏற்கெனவே இருக்கிற நிலை, அங்கே எதுவும் புதிதாக வந்து சேரவில்லை. ஐ நோ, ஐ லைக் என்று தனித்தனி வினை அங்கே உண்டு. வந்து சேர்ந்தால் கெட், சும்மா இருந்தால் வேறு.

சரி, இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

சுமார் 1,200 ஆண்டுகளுக்கு முன்பு இங்கிலாந்தில் பேசிய பழைய ஆங்கிலத்தில் 'கெட்' தனியாக நடமாடியதாகத் தெரியவில்லை. முன்னால் ஏதாவது ஒட்டு சேர்ந்துதான் வரும். 'பி' ஒட்டினால் கைப்பற்று, அடை. 'ஃபர்' ஒட்டினால் கைநழுவ விடு, அதாவது மற. 'ஆன்' ஒட்டினால் புரிந்துகொள். இன்றைக்கும் ஃபர்கெட் என்ற சொல்லுக்குள் கெட் ஒளிந்திருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. பிடித்து வைத்திருந்ததை விட்டுவிடுவதுதான் மறப்பது. 'நினைவு நழுவிவிட்டது' என்று நாமும் சொல்கிறோமே, அதே கை, அதே நழுவல். இன்னொரு விஷயம், அந்தக் காலத்தில் இந்தச் சொற்களின் நடுவில் இருந்த எழுத்தைக் 'க' என்று உச்சரிக்கவில்லை, 'ய' என்று உச்சரித்தார்கள். ஃபர்கெட் என்பது ஃபர்யெட் போல ஒலித்தது.

அப்புறம் ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல் வழியாக வைக்கிங்குகள் வந்தார்கள். 793இல் இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் லிண்டிஸ்பார்ன் தீவில் இருந்த மடத்தைத் தாக்கினார்கள். 865இல் பெரிய படையாகவே வந்து இறங்கினார்கள். 878இல் எடிங்டன் என்ற இடத்தில் ஆல்ஃபிரட் அரசர் குத்ரும் தலைமையில் வந்த படையைத் தோற்கடித்தார், ஆனாலும் வந்தவர்கள் எல்லாரும் ஊர் திரும்பிவிடவில்லை. வடக்கிலும் கிழக்கிலும் நிலம் பிடித்து, பயிர் செய்து, உள்ளூரில் பெண் எடுத்து, பெண் கொடுத்து, அக்கம்பக்கத்துக்காரர்களாக ஆகிவிட்டார்கள். அவர்கள் சட்டம் நடந்த அந்தப் பகுதிக்கு டேன்லா என்று பெயர். அவர்கள் பேசியது பழைய நார்ஸ் மொழி. அதில் 'கெட்டா' என்று ஒரு வினை, ஒட்டு எதுவும் தேவைப்படாமல் தன் காலில் நின்றது. அடைவது, பெறுவது, பிள்ளை பெறுவது, முடிவது என்று அதற்குப் பல பொருள். அந்தக் கெட்டாதான் ஆங்கிலத்துக்குள் வந்து இன்றைய கெட் ஆனது. அதன் அழுத்தமான ஒலியும் நார்ஸ் வழியில் வந்ததுதான். (நம் எழுத்தில் 'கெ' என்று எழுதினாலும் 'தங்கம்' என்று சொல்லும்போது நடுவில் வருகிற ககரத்தைப் போலச் சொல்ல வேண்டும்.)

இரண்டு மொழிக்காரர்கள் ஒரே தெருவில் குடியிருந்தால் சொற்கள் வேலி தாண்டும் என்பது சிங்கப்பூர்க்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நம் வீட்டுப் பெரியவர்கள் சந்தைக்குப் போவதைப் 'பாசார் போறேன்' என்பார்கள், கிராமத்துக்குக் கம்பம் என்பார்கள், இரண்டும் மலாய் கொடுத்தவை. ஆங்கிலமோ நார்ஸிடமிருந்து வானம், கத்தி, முட்டை, சன்னல், கணவன், சட்டம் ஆகியவற்றுக்கெல்லாம் சொல் வாங்கியது, அதோடு நிற்காமல் 'தே' என்ற சொல்லையும் வாங்கியது. 'அவர்கள்' என்பதற்கு உரிய சொல்லையே பக்கத்து வீட்டிலிருந்து எடுத்துக்கொள்ளும் அளவுக்கு நெருக்கம். நாம் மலாயிலிருந்து எத்தனையோ எடுத்தோம், 'அவர்கள்' என்பதை எடுக்கவில்லை.

இந்த ய-க மாற்றம் எவ்வளவு காலம் இழுத்தது என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. இங்கிலாந்தில் முதன்முதலில் அச்சகம் வைத்த வில்லியம் காக்ஸ்டன் 1490இல் வெளியிட்ட ஒரு மொழிபெயர்ப்பின் முன்னுரையில் எழுதியது. தேம்ஸ் ஆற்றில் கப்பலேறிய சில வணிகர்கள் காற்று இல்லாமல் கரையில் இறங்கி, ஒரு வீட்டில் சாப்பாடு கேட்டார்கள். அவர்களில் ஒருவர் முட்டை வேண்டும் என்று 'எக்ஸ்' என்ற சொல்லைச் சொன்னார். அந்த வீட்டம்மா, எனக்குப் பிரெஞ்சு தெரியாது என்றுவிட்டார். கேட்டவருக்குக் கோபம், ஏனென்றால் அவருக்கும் பிரெஞ்சு தெரியாது, அவர் பேசியது ஆங்கிலம்! இன்னொருவர் 'ஐரன்' வேண்டும் என்று பழைய சொல்லைச் சொன்னதும்தான் அந்தம்மாவுக்குப் புரிந்தது. நார்ஸ் வழி வந்த அழுத்தமான ககரம் உள்ள சொல்லும், பழைய ஆங்கிலத்தின் யகரம் உள்ள சொல்லும் ஒரே வீட்டு வாசலில் மோதிக்கொண்ட இடம் இது. முட்டையில் 'க' ஜெயித்தது, கெட்டிலும் அதேதான்.

இப்போது தமிழ் வாசகர் நின்று பார்க்க வேண்டிய இடத்துக்கு வருகிறேன். கெட்டோடு பழைய 'பி' ஒட்டு சேர்ந்த பிகெட் என்ற சொல் இன்றும் இருக்கிறது. பிள்ளை பெறுவது என்று பொருள், பேச்சில் அதிகம் வராது, பழைய நூல்களில் வரும். 1611இல் வந்த ஆங்கில பைபிளில் மத்தேயுவின் தொடக்கத்தில் வம்ச வரிசை முழுக்க 'பிகேட், பிகேட்' என்று அதன் பழைய இறந்தகாலம் ஓடும். அதே இடத்தைத் தமிழில் எடுத்துப் பாருங்கள்: ஆபிரகாம் ஈசாக்கைப் பெற்றான். நாமும் பரிசு பெற்றான் என்கிறோம், பிள்ளை பெற்றாள் என்கிறோம். பெற்றோர் என்ற சொல்லே 'பெற்றவர்கள்' என்பதுதான். திருக்குறளில் மக்கட்பேறு அதிகாரத்தின் முதல் குறள் 'பெறுமவற்றுள்' என்று தொடங்கி 'மக்கட்பேறு அல்ல பிற' என்று வந்து நிற்கிறது, ஒரே வினையின் இரண்டு பொருளும் ஒன்றே முக்கால் அடிக்குள். ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் குடும்ப உறவு கிடையாது. யாரும் யாரிடமிருந்தும் இதை வாங்கவில்லை. ஆனாலும் அடைவதற்கும் பிள்ளை பெறுவதற்கும் ஒரே சொல் போதும் என்று இரண்டு மொழியும் தனித்தனியாக முடிவு செய்திருக்கின்றன. இதை முதலில் கவனித்த அன்று எனக்கு வேறு வேலையே ஓடவில்லை.

இன்னும் கொஞ்சம் ஆழமாகத் தோண்டினால், இந்தக் கெட்டாவின் வேரை மொழியியலாளர்கள் 'பற்று, பிடி' என்ற பொருள் உள்ள மிகப் பழைய ஒரு வேரோடு இணைக்கிறார்கள். அதே வேரிலிருந்துதான் லத்தீனில் 'பிடி' என்று பொருள்படும் ப்ரெஹெண்டெரே வந்தது, அதிலிருந்து புரிந்துகொள்வதற்கு ஆங்கிலத்தில் இருக்கும் காம்ப்ரிஹென்ஷன் வந்தது, பிள்ளைகளின் தேர்வுத்தாளில் வருகிற அதே காம்ப்ரிஹென்ஷன்தான். ஆளைப் பிடித்து வைக்கும் ப்ரிஸனும் தொழிலைப் பிடித்துக்கொள்ளும் அப்ரெண்டிஸும் அங்கிருந்து வந்தவைதான். பிடித்தால் புரிகிறது. நமக்கும் அப்படித்தானே, 'அந்தக் கணக்கு எனக்குப் பிடிபடவே இல்லை' என்கிறோம். ஆகவே அந்த மேற்பார்வையாளர் கேட்ட 'யூ கெட் இட்?' என்பதற்கு நேரான தமிழ் 'பிடிபட்டுச்சா?' என்பதே. தம்பியிடம் இதைச் சொன்னதும் அவர் நோட்டில் 'பிடிபட்டது' என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டார். ஊகிப்பதற்கு இருக்கும் கெஸ் என்ற சொல்லையும் இதே குடும்பத்தில்தான் சேர்க்கிறார்கள், கைக்கு எட்டப் பார்ப்பதுதானே ஊகம்.

இனி அன்றாடப் பேச்சு.

போய்ச் சேர்வதற்குக் கெட் வரும்போது எல்லாரும் ஒரு தப்பு செய்வார்கள். ஐ காட் டு உட்லண்ட்ஸ், ஐ காட் டு தி கிளினிக் என்று இடத்துக்கு முன்னால் 'டு' வேண்டும். ஆனால் வீட்டுக்கு மட்டும் 'டு' வேண்டாம், ஐ காட் ஹோம். அங்கே, இங்கே என்பவற்றுக்கும் வேண்டாம். ஏன் இந்த ஓரவஞ்சனை என்று ஓர் அக்கா கேட்டார்கள். தமிழிலேயே பதில் இருக்கிறது அக்கா என்றேன். 'உட்லண்ட்ஸுக்குப் போய்ச் சேர்ந்தேன்' என்கிறோம், ஆனால் 'வீடு வந்து சேர்ந்தேன்' என்கிறோமே, அந்தக் 'கு' எங்கே போனது? வீடு என்றால் இரண்டு மொழியிலும் தனிச் சலுகை.

ஆகுதல் என்ற பொருளில் வருவது எளிது. இட் இஸ் கெட்டிங் டார்க், இருட்டிக்கொண்டு வருகிறது. தி காஃபி இஸ் கெட்டிங் கோல்ட், காப்பி ஆறிக்கொண்டிருக்கிறது. ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு நகர்கிறபோது கெட், நகர்ந்து முடிந்து அங்கேயே இருந்தால் இஸ். இதில் அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை, கேட்கக் கேட்கப் பழகிவிடும்.

கஷ்டம் எங்கே என்றால், நமக்கு நேர்ந்ததைச் சொல்லும் இடத்தில். ஐ காட் ஸ்கோல்டட். ஹி காட் காட் என்றால் அவன் மாட்டிக்கொண்டான் (இரண்டு 'காட்'டில் பின்னது 'பிடி'க்கு இருக்கும் கேட்ச் என்ற சொல்லின் இறந்தகாலம், காதுக்கு ஒன்று போலவே இருக்கும்). பள்ளியில் சொல்லித்தருகிற 'வாஸ் ஸ்கோல்டட்' சரிதான், ஆனால் பேச்சில் 'காட்' தான் உயிரோட்டமாக இருக்கும், அதிலும் கெட்டது நடந்தாலோ எதிர்பாராமல் நல்லது நடந்தாலோ காட் தன்னால் வந்துவிடும். ஷி காட் ப்ரொமோட்டட். இதற்குத் தமிழில் நம்மிடம் என்ன இருக்கிறது? வாங்குவது! திட்டு வாங்கினான், அடி வாங்கினான், நல்ல பேர் வாங்கினான். யாரும் கடைக்குப் போய் அடி வாங்குவதில்லை, ஆனாலும் வாங்கினான் என்றுதான் சொல்கிறோம். ஆங்கிலேயரும் அதையேதான் சொல்கிறார்கள். இங்கே மலாய்க்காரர்களிடமிருந்து எல்லாரும் எடுத்துக்கொண்ட 'கெனா' என்ற சொல்லும் இதே இடத்தில்தான் உட்காரும், 'கெனா ஸ்கோல்டட்' என்று பள்ளிப்பிள்ளைகள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். நண்பர்களிடம் கெனா, வேலை நேர்காணலில் காட்.

ஆளைக் கொண்டு வேலை செய்விப்பதில் தமிழ் கொஞ்சம் தாராளம். 'போன வருஷம் ஊரில் வீடு கட்டினேன்' என்போம், ஒரு செங்கல்லைக் கூடத் தொட்டிருக்க மாட்டோம். 'முடி வெட்டிட்டு வந்தேன்', 'ஏர்கான் சர்வீஸ் பண்ணினேன்' என்பதும் அப்படித்தான். இதை அப்படியே ஐ கட் மை ஹேர் என்று சொன்னால், வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர், இவர் கண்ணாடி முன் நின்று தானே வெட்டிக்கொண்டார் போல என்றுதான் எடுத்துக்கொள்வார். சிங்கப்பூரில் எல்லாரும் அப்படிப் பேசுவதால் நமக்கு உறைப்பதில்லை. ஐ காட் மை ஹேர் கட், வி காட் தி ஏர்கான் சர்வீஸ்ட் என்று நடுவில் பொருளை வைத்தால் வேறு ஆள் செய்தார் என்று தெளிவாகிவிடும். ஆளையே சொல்ல வேண்டுமானால், ஐ காட் ஹிம் டு ஃபிக்ஸ் தி டாப், அவரைப் பிடித்துக் குழாயைச் சரிசெய்ய வைத்தேன். அந்த 'டு' முக்கியம். மேக் என்ற வினைக்கு டு வேண்டாம், கெட்டுக்கு வேண்டும். மேக் என்பது மிரட்டிச் செய்ய வைப்பது போலவும் ஒலிக்கும், கெட்டில் கெஞ்சலோ பேச்சுவார்த்தையோ இருக்கும். 'ஆளைப் பிடிச்சு' என்று நாம் சொல்வதில் இருக்கும் அதே பாடு.

அப்புறம் நம்ம ஊர்க் 'காட்'. இதைப் பற்றிக் கேட்காமல் ஒரு வகுப்பும் முடிந்ததில்லை. உணவங்காடியில் 'அங்கிள், காட் ரைஸ்?' என்று கேட்கிறோம். காலி நாற்காலியைக் காட்டி 'ஹியர் காட் பீப்பிள்?' என்கிறோம். 'ஐ காட் கோ ஜப்பான் பிஃபோர்' என்றும் காதில் விழும். நல்ல ஆங்கிலம் பேசச் சொல்லி 2000இல் இங்கே ஓர் இயக்கமே தொடங்கினார்கள், இந்தக் காட் கொஞ்சமும் அசையவில்லை. காரணம் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'என்னிடம் இருக்கிறது' என்பதற்கு ஹேவ், 'அங்கே இருக்கிறது' என்பதற்கு தேர் இஸ் என்று இரண்டு வழி. மாண்டரினில் இரண்டுக்கும் 'யோவ்', இன்னொரு சீன மொழியான ஹொக்கியனில் 'ஊ', மலாயில் 'அடா'. தமிழில்? சோறு இருக்கா, ஆள் இருக்கா, எனக்கு ஒரு தங்கச்சி இருக்கிறாள், எல்லாவற்றுக்கும் ஒரே 'இரு'. ஹேவ் என்பதற்குத் தமிழில் தனி வினையே கிடையாது. ஆக இந்தத் தீவில் வீட்டுமொழியாக இருந்த எல்லா மொழிக்காரர்களுக்கும் ஒரே ஒரு சொல் தேவைப்பட்டது, ஆளுக்கு ஒரு கை கொடுத்துக் காட்டை அந்த இடத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். ஜப்பான் வாக்கியத்தைக்கூடத் தமிழில் சொல்லிப் பாருங்கள், 'ஜப்பான் போயிருக்கேன்'. அங்கேயும் 'இரு' நிற்கிறது! சோம்பேறித்தனமான ஆங்கிலம் என்று சிலர் இதைத் திட்டும்போது எனக்கு ஒப்புவதில்லை, அதற்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது. ஆனால் தேர்வுத்தாளிலும் அலுவலக மின்னஞ்சலிலும் அது செல்லாது, அங்கே இஸ் தேர் எனி ரைஸ், டு யூ ஹேவ் ரைஸ் என்றுதான் எழுத வேண்டும். இரண்டையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் நான் பிள்ளைகளிடம் சொல்வேன்.

'ஐ ஹேவ் காட் டூ கிட்ஸ்' என்று பிரிட்டிஷ்காரர்கள் சொல்வது எப்படி 'இருக்கிறது' என்ற பொருளுக்கு வந்தது என்று கேட்டால், பெற்றிருக்கிறேன் என்ற நம் சொல்லைப் பிரித்துப் பாருங்கள். பெற்று, இருக்கிறேன். முன்னொரு நாள் வந்து சேர்ந்தது, இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது.

அமெரிக்கப் படங்களில் 'ஹேவ் காட்' என்பதற்குப் பதில் 'ஹேவ் காட்டென்' என்று வருவது தப்பில்லை. இங்கிலாந்தில் முன்பு புழங்கிய வடிவம்தான், 17ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் குடியேறியவர்கள் கொண்டுபோய்ப் பத்திரமாக வைத்திருந்தார்கள், இங்கிலாந்தில் அது தேய்ந்துபோனது. ஃபர்காட்டென் போன்ற சொற்களில் இரண்டு பக்கமும் மிச்சம் இருக்கிறது. நம் பள்ளிகள் பிரிட்டிஷ் வழியில் போவதால் கெட், காட், காட் என்றே வைத்துக்கொள்ளலாம்.

சின்னச் சொற்கள் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் கெட் அப், கெட் ஆன், கெட் ஓவர் வகையறாவைத் தனியாகத்தான் எழுத வேண்டும், அது கடல். பயணத்துக்கு மட்டும் ஒன்று சொல்லிவிடுகிறேன். உள்ளே நிமிர்ந்து நின்று நடக்க முடிகிற வண்டி என்றால் கெட் ஆன், கெட் ஆஃப்: பேருந்து, பெருவிரைவு ரயில், விமானம். குனிந்து நுழைந்து உட்கார வேண்டிய வண்டி என்றால் கெட் இன், கெட் அவுட்: கார், டாக்ஸி. ரயிலில் அறிவிப்பில் வரும் 'அலைட்' என்பதும் இறங்குவதுதான், கொஞ்சம் மரியாதையான சட்டை போட்டது. அதோடு, தொலைபேசியில் யாராவது 'ஐ வில் கெட் பேக் டு யூ' என்றால் நேரில் திரும்பி வருவார் என்று காத்திருக்காதீர்கள், பிறகு பதில் சொல்கிறேன் என்றுதான் அர்த்தம். எங்கள் வகுப்புக்கு வரும் ஓர் அம்மா, ஒரு கிளினிக்கில் அப்படிச் சொன்னதை நம்பி இரண்டு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை ஒரு வார்த்தை வந்து கேட்கவும் ஆள் இல்லை.

கடைசியாக ஒன்று, இதில்தான் பலருக்கும் சிக்கல். கெட் டு என்றால் வாய்ப்பு அமைவது. ஹேவ் காட் டு என்றால் கட்டாயம். ஐ கெட் டு கோ ஹோம் என்றால் ஊருக்குப் போகக் கொடுத்துவைத்திருக்கிறது, ஐ ஹேவ் காட் டு கோ ஹோம் என்றால் போயே ஆக வேண்டும். முன்னதற்குத் தமிழில் நேர்ச் சொல் இருக்கிறது, 'பார்க்கக் கிடைத்தது' என்கிறோமே, அந்தக் 'கிடை'. நார்ஸ் கெட்டாவுக்கு 'முடிவது' என்ற பொருள் இருந்தது என்று மேலே சொன்னேன் இல்லையா, ஐஸ்லாந்தில் இன்றைக்கும் அந்தச் சொல்லுக்கு முதல் பொருள் அதுதான், 'என்னால் முடியும்' என்பதற்கு அவர்கள் கெட் என்கிறார்கள். கெட் டு என்பதிலும் அந்த வாசனை வீசுவதாக எனக்குத் தோன்றும்.

பிரச்சினை என்னவென்றால் பேச்சில் ஹேவ் விழுந்துவிடும், 'ஐ காட் டு சீ' என்று மட்டும் கேட்கும். போன மாதம் அந்தத் தம்பி இரண்டு வார விடுப்பில் ஊருக்குப் போய் வந்தார், அவர் இங்கே வந்த பிறகு பிறந்த மகளை முதல் தடவையாகப் பார்த்துவிட்டு. நோட்டில் ஒரு வாக்கியம் எழுதி என்னிடம் நீட்டினார்: ஐ காட் டு சீ மை டாட்டர். "அண்ணே, இதைப் படிக்கிறவங்க, மகளைப் பார்த்தாகணும்னு எடுத்துக்குவாங்களா, பார்க்கக் கிடைச்சுதுன்னு எடுத்துக்குவாங்களா?" என்றார். இரண்டுக்கும் இடம் இருக்கிறது தம்பி, எப்போது என்று ஒரு சொல் சேர்த்தால் தீர்ந்துவிடும் என்றேன். பேனாவை வாங்கி, கடைசியில் 'லாஸ்ட் மந்த்' என்று சேர்த்து எழுதிவிட்டு, முழு வாக்கியத்தையும் ஒருமுறை வாய்விட்டுப் படித்தார்.